மருந்து ஏறும் வண்டியில்தான் காய் இறங்குகிறது

பூச்சிக்கொல்லிக் கடை வாசலில் இறக்கி வைத்திருக்கும் அட்டைப்பெட்டியை ஒரு தடவை சுற்றிப் பாருங்கள். எதிரெதிரான இரண்டு பக்கங்களிலும் மேல்நோக்கிய இரட்டை அம்புக்குறி அச்சிட்டிருக்கும். ‘உள்ளே திரவம் இருக்கு, மூடியெல்லாம் இந்தப் பக்கம் இருக்கு, என்னைச் சாய்க்காதே’ என்று அர்த்தம். உலகம் பூரா இதே குறிதான். அமெரிக்க விதியில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள்: ஆபத்தான திரவம் உள்ள பெட்டியில் திசை காட்டுவதைத் தவிர வேறு எதற்காகவும் அம்பு போடக்கூடாது. தூக்குகிறவனுக்கு ஒரு நொடிகூடக் குழப்பம் வரக்கூடாது என்பதுதான் காரணம்.

அதே பெட்டி பழனியிலிருந்தோ வத்தலக்குண்டிலிருந்தோ மலையேறும்போது பாருங்கள். பெரும்பாலும் படுத்துக்கொண்டுதான் வரும். மேலே உர மூட்டை, பக்கத்தில் அரிசிச் சிப்பம், பிஸ்கட் பெட்டி, கோழித் தீவனம். மறுநாள் அதே வண்டியில் கேரட், பீன்ஸ், சவ்சவ், மலைப்பூண்டு எல்லாம் ஒட்டன்சத்திரம் சந்தைக்கு இறங்கும். நடுவில் வண்டியைக் கழுவுகிறார்களா என்று நான் கேட்டுப் பார்த்திருக்கிறேன். சிரிக்கிறார்கள். பெட்டியை ஏன் நிமிர்த்தி வைக்கவில்லை என்று ஒரு டிரைவர் தம்பியிடம் கேட்டேன். “இடம் பத்தாதுங்க சார். நிமித்தி வச்சா ரெண்டு மூட்டை குறையுமுங்க” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்த அம்பு என்ன சொல்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

‘நாமதான் நஞ்சை விட்டுட்டமே, நமக்கெதுக்கு இந்தப் பேச்சு?’ என்று நம் ஆட்களே கேட்பார்கள். அதற்குப் பதில் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் முப்பத்து நான்கு வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன். அங்கே கற்றுக்கொண்டதில் இப்போதும் உதவுவது ஒன்று உண்டு. காசோலையின் இடது மூலையில் இரண்டு கோடு போட்டுவிட்டால், அந்தத் தாள் எந்த ஊருக்குப் போனாலும், உங்கள் முகத்தையே பார்த்திராத ஒரு குமாஸ்தா அதைக் கையில் எடுத்ததும், ‘இதைக் கவுண்டரில் ரொக்கமாகத் தரக்கூடாது, கணக்கில்தான் வரவு வைக்கணும்’ என்று புரிந்துகொள்வார். அடையாளம் என்றால் அதுதான். போட்டவன் கூடவே போகமுடியாத இடத்துக்கும் போய், அவன் சொல்ல நினைத்ததைச் சொல்ல வேண்டும். வழியில் யாராவது அந்தக் கோட்டை அழித்துவிட்டால், காசோலை வெறும் தாள் இல்லை, ஆபத்தான தாள்.

நஞ்சுக்கும் அப்படித்தான் கோடு போட்டிருக்கிறார்கள். போட வைத்தது ஒரு பெரிய சாவு.

1958-ல் பம்பாயிலிருந்து கொச்சிக்கு வந்த கப்பலில் கோதுமை மாவும் ஃபாலிடால் என்ற பாரத்தியான் பூச்சிக்கொல்லியும் ஒன்றாக வந்தன. கலன் ஒழுகியது, மாவில் இறங்கியது. அந்த மாவில் செய்த பலகாரத்தைச் சாப்பிட்டுக் கேரளத்தில் நூறு பேருக்கு மேல் இறந்துபோனார்கள். நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் விசாரணை ஆணையம் போட்டார்கள். அதன் பெயரிலேயே கேரளத்தோடு சேர்த்து நம் சென்னை மாநிலத்தின் பெயரும் இருந்தது. அந்தச் சாவுகளில் தொடங்கிய வேலைதான் 1968-ன் பூச்சிக்கொல்லிச் சட்டமாகவும் 1971-ன் விதிகளாகவும் வந்து முடிந்தது. இன்றைக்கும் பாட்டில் மேல் பார்க்கிற மண்டையோடும் வண்ணமும் அந்த விதிகள் கொடுத்தவை. வயலில் அடித்ததால் செத்தவர்கள் இல்லை அவர்கள் என்பதைக் கவனியுங்கள். விவசாயியே இல்லாத, பூச்சிக்கொல்லிப் புட்டியைக் கண்ணால்கூடப் பார்த்திராத ஜனங்கள். சாமான் ஏற்றி இறக்கிய இடத்தில் நடந்த தப்பு, அடுப்பங்கரையில் போய் முடிந்தது.

விதிகளைப் படித்துப் பார்த்தேன். பழைய தொழில் பழக்கம், சின்ன எழுத்தை விடமாட்டேன். 35-வது விதி, எந்தப் பூச்சிக்கொல்லியும் உணவுப் பொருளோடோ கால்நடைத் தீவனத்தோடோ நேரடியாகப் படும்படி கொண்டுபோகவோ வைக்கவோ கூடாது என்கிறது. பொட்டலம் உடைந்து உணவில் கலந்துவிட்டால், உரிய அதிகாரி பரிசோதிக்காமல் அதை வெளியே விடக்கூடாது. ஒழுகினால், மண்ணும் தண்ணீரும் கெடாமல் உடனே பார்த்துக்கொள்வது வண்டிக்காரர் அல்லது கிடங்குக்காரர் பொறுப்பு. நல்ல விதிதான். ஆனால் அந்த ‘நேரடியாக’ என்ற ஒரு வார்த்தையில் பெரிய ஓட்டை இருக்கிறது. பெட்டிக்கு மேல் பீன்ஸ் மூட்டை இருந்தால் அது நேரடியாகப் படுவதாகாது. ஒழுகிய பிறகுதான் படும். ஒழுகிய பிறகு யார் போய் அதிகாரியைக் கூப்பிடப் போகிறார்கள்? துணியால் துடைத்துவிட்டு வண்டியை எடுப்பார்கள்.

சாலைக்குத் தனி விதிகள் இருக்கின்றன. 1989-ன் மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, ஆபத்தான சரக்கு ஏற்றும் லாரியில் முனையில் நிற்கும் சதுரம், அதாவது டைமண்ட் வடிவத்தில் வகைக் குறி இருக்க வேண்டும். பொருளின் பெயர், ஐ.நா. எண், அவசரத் தொலைபேசி எண் எழுதிய பலகை இருக்க வேண்டும். என்ன சரக்கு, சிந்தினால் என்ன செய்வது என்பதை அனுப்புகிறவர் எழுத்தில் கொடுக்க வேண்டும். ஓட்டுநருக்குத் தனிப் பயிற்சி வேண்டும். நாற்கரச் சாலையில் போகிற ஆசிட் டேங்கரில் இதையெல்லாம் நீங்களே பார்க்கலாம். கிடங்கிலிருந்து ஊர்க் கடை வரைக்கும் அரைகுறையாகவாவது ஒப்பேறிவிடும். கடை வாசலைத் தாண்டியதும் எல்லாம் போச்சு. பன்றிமலைக்கும் மன்னவனூருக்கும் கிளாவரைக்கும் போகிற கடைசி இருபது, முப்பது கிலோமீட்டரில் எந்தக் குறியும் கிடையாது. மஞ்சள் பையில் பால் பாக்கெட்டோடு போகும். பஸ்ஸில் குழந்தையின் காலடியில் போகும்.

அதைவிட மோசம், பிரித்து ஊற்றுவது. முழு லிட்டர் வாங்கக் காசில்லாத சின்ன விவசாயி, ‘கால் லிட்டர் கொடுங்க’ என்று தண்ணீர்ப் பாட்டிலையோ குவார்ட்டர் பாட்டிலையோ நீட்டுகிறார்; ஊற்றிக் கொடுக்கிறார்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் ‘மிச்சம் இருக்கு, எடுத்துக்கப்பா’ என்று கொடுப்பதும் உண்டு. அந்த நொடியில் மண்டையோடு, வண்ணம், மாற்று மருந்து, தயாரித்த தேதி எல்லாம் பழைய பாட்டிலோடு நின்றுவிடுகிறது. புது பாட்டிலில் இருப்பது ஏதோ பால்வெள்ளையான, இல்லையென்றால் செம்மஞ்சளான ஒரு தண்ணீர். அவசரத்துக்கு ஒருவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனால், டாக்டர் முதலில் கேட்பது ‘என்ன மருந்து?’ என்றுதான். ஆர்கனோபாஸ்பேட் வகை என்றால் அட்ரோபின் இருக்கிறது. பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது. எது என்று தெரியாமல் வைத்தியம் பார்ப்பது இருட்டில் கை விடுகிற மாதிரி. அதுவும் மேல்மலைக் கிராமத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணி நேரம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

பீகாரில் 2013 ஜூலையில், சரண் மாவட்டத்துக் கண்டாமன் கிராமப் பள்ளியில் மதிய உணவு சாப்பிட்ட 23 குழந்தைகள் இறந்தார்கள். சமையல் எண்ணெயில் மோனோகுரோட்டோபாஸ் இருந்தது. சமைத்த அம்மா வேண்டுமென்றா ஊற்றியிருப்பார்? கையில் கொடுத்த கலனில் இருந்ததை எண்ணெய் என்று நம்பி ஊற்றினார். காலியான பூச்சிக்கொல்லிக் கலன்களை வெளியே போடக்கூடாது, யாரும் திரும்பப் பயன்படுத்தாதபடி உடைத்து, குடியிருப்புக்குத் தள்ளிப் புதைக்க வேண்டும் என்று நம் நாட்டு விதியே சொல்கிறது. 44-வது விதி. புதைப்பது சரியா என்பது வேறு சண்டை. நம் மலையில் எங்கே புதைத்தாலும் அது ஒரு ஓடைக்குத்தான் போகும். ஆனால் உடைக்கவாவது செய்கிறார்களா? ஐந்து லிட்டர் கேன் இங்கே தண்ணீர்க் குடமாகவும் டீசல் கேனாகவும் இன்னும் பத்து வருஷம் உழைக்கிறது.

இதில் மொழிக்கும் பங்குண்டு. நாம் இதை ‘மருந்து’ என்கிறோம். மருந்தடிச்சாச்சா, மருந்து வாங்கணும், மருந்துக் கடை. கம்பெனிக்காரன் சிவப்பு எழுத்தில் நஞ்சு என்று அச்சடித்துக் கொடுப்பதை நாம் வாயால் அழித்துவிடுகிறோம். என் பேரன் ஒருநாள் ‘தாத்தா, செடிக்குக் காய்ச்சலா?’ என்று கேட்டான். அவன் கேட்டதில் என்ன தப்பு?

பாட்டிலில் இருக்கும் வண்ணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. முனையில் நிற்கும் சதுரத்தை இரண்டு முக்கோணமாகப் பிரித்து, மேல் பாதியில் எச்சரிக்கை, கீழ்ப் பாதியில் வண்ணம். சிவப்பு என்றால் கடும் நஞ்சு: உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லிகிராமுக்குள் உள்ளே போனாலே சோதனை விலங்குகளில் பாதி செத்துவிடும். மஞ்சள் 500 வரை. நீலம் 5000 வரை. அதற்கு மேல் பச்சை. அதாவது பச்சை என்றால் ‘உடனே கொல்ல நிறைய வேண்டும்’ என்பதுதான். நஞ்சு இல்லை என்று அர்த்தமில்லை. பல வருஷமாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனால் என்ன ஆகும், தேனீக்கு என்ன ஆகும், மீனுக்கு என்ன ஆகும் என்பதை அந்த வண்ணம் சொல்லாது. ஆனால் சந்தையில் ‘பச்சை முக்கோணம் சார், இயற்கை மருந்து மாதிரிதான்’ என்று சொல்லி விற்பதை என் காதால் கேட்டிருக்கிறேன். புதிதாக இயற்கைக்கு மாறுகிறவர்கள் இதில் ஏமாந்துவிடக் கூடாது. சான்றிதழ் ஆய்வாளர் வந்து அந்தப் பாட்டிலை உங்கள் கொட்டகையில் பார்த்தால், வண்ணத்தைக் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.

குறி இல்லாத சரக்கு என்ன செய்யும் என்பதைக் கொடைக்கானல்காரர்களுக்கு யாரும் வெளியூரிலிருந்து வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. பாதரசமும் திரவம்தான். தண்ணீரைவிடப் பதின்மூன்றரை மடங்கு கனமான திரவம். உலகம் முழுக்க அது போகிற பெட்டியில் ஐ.நா. 2809 என்ற எண் இருக்க வேண்டும். அரிக்கும் பொருள் என்ற குறியும் நஞ்சு என்ற குறியும் சேர்ந்து இருக்க வேண்டும். 2001 மார்ச்சில் மூஞ்சிக்கல் பழைய இரும்புக் கடையில் கண்டுபிடிக்கப்பட்ட தெர்மாமீட்டர் கண்ணாடிக் கழிவில் அதெல்லாம் எங்கே இருந்தது? சாக்கில் கட்டி வந்த உடைந்த கண்ணாடி, அவ்வளவுதான். ஐந்து டன்னுக்கு மேல். தங்கள் உள்விதிகளை மீறித்தான் அது கடைக்குப் போனது என்று ஹிந்துஸ்தான் லீவர் நிறுவனமே பின்னால் ஒப்புக்கொண்டது. ஆலை அத்தோடு மூடியது. சாக்கைத் தூக்கியவர்களுக்கும், பிரித்துக் கொட்டியவர்களுக்கும், அந்தத் தெருவில் நடந்தவர்களுக்கும் அதற்குள் பாதரசம் இருக்கிறது என்று சொல்ல ஒரு காகிதத் துண்டுகூட இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, 2003-ல், பாதரசம் கலந்த கழிவு 290 டன் தூத்துக்குடி வழியாக அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. பழனி மலை ஏழை ஜனங்களும், சுற்றுச்சூழல்காரர்களும், ஆலையில் வேலை பார்த்தவர்களும் போராடி வாங்கிய விஷயம் அது. சர்வதேசக் கப்பல் விதிப்படி குறியும் காகிதமும் இல்லாமல் அந்தச் சரக்கு துறைமுக வாசலைத் தாண்டியிருக்க முடியாது. அதே பொருள்தான். நம் ஊர்த் தெருவில் போனபோது சாக்கு. வெளிநாட்டுக்குப் போனபோது விதி. 591 முன்னாள் தொழிலாளர்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தாக 2016 மார்ச் வரை ஆனது. பதினைந்து வருஷம்.

‘லேபிள் கேட்பது நஞ்சுக்கு மரியாதை கொடுப்பது மாதிரி, நாம் முழுத் தடைதான் கேட்கணும்’ என்று நம் இயக்கத்தில் மதிப்புக்குரிய சிலர் சொல்கிறார்கள். தடை கேட்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கடுமையானவை எல்லாம் போகத்தான் வேண்டும். ஆனால் தடை வந்த பிறகும் இருப்பு தீரும்வரை விற்பார்கள், எல்லை தாண்டி வரும், பழைய பாட்டில் பரணில் இருக்கும். அதுவரைக்கும் சாமான் தூக்குகிற தம்பியும், பஸ்ஸில் போகிற குழந்தையும் என்ன பாவம் செய்தார்கள்? இன்னொன்று, கொஞ்சம் சுயநலமானது. நம் பீன்ஸும் அதே வண்டியில்தான் இறங்குகிறது. இயற்கை விளைபொருளைச் சேமிப்பிலும் போக்குவரத்திலும் மற்றதிலிருந்து பிரித்து வைக்க வேண்டும் என்று தேசிய இயற்கை உற்பத்தித் தரநிலையே சொல்கிறது. மூன்று வருஷம் மண்ணைத் திருத்தி, வரப்போரம் தடுப்பு வளர்த்து, பக்கத்துத் தோட்டக்காரர் அடிக்கும்போது காற்றுத் திசை பார்த்து நின்றவன், கடைசியில் வண்டித் தளத்தில் காய்ந்திருக்கிற ஒரு கறையால் சந்தையில் பேர் கெட்டு நிற்க வேண்டுமா? விருப்பாச்சி வாழைத்தாரும் இதே மலைப்பாதையில்தான் இறங்குகிறது. அது பஞ்சாமிர்தத்துக்குப் போகிற பழம்.

அதனால் நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. மலைக் கிராமத்துக்குச் சரக்கு ஏற்றும் வண்டிகளில் பூச்சிக்கொல்லிக்கென்று மூடி போட்ட ஒரு தனிப் பெட்டி, அடியில் ஒழுகினால் தேங்கும் தட்டு, வெளியே மண்டையோடு போட்ட டைமண்ட் குறி. தமிழில் ‘நஞ்சு’ என்று பெரிதாக. வேளாண்மைத் துறையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகமும் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரே கூட்டத்தில் முடிகிற காரியம். மலையடிவாரச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் பாட்டில் இருக்கா என்று சுற்றுலா வண்டியைக் குடைகிறவர்கள், சரக்கு வண்டியில் இதையும் ஒரு பார்வை பார்க்கலாம். கடைக்காரர் பிரித்து ஊற்றக் கூடாது. சின்ன அளவு வேண்டுமென்றால் கம்பெனி சின்னப் புட்டியில் முழு லேபிளோடு தரட்டும், எழுத்து கண்ணுக்குத் தெரியும்படி. காலிப் பாட்டிலை விற்ற கடையே திரும்ப வாங்கட்டும். பழனி பாதையில் வண்டி கவிழ்ந்தால் அது வரதமாநதி அணைக்குப் போகிற தண்ணீர் என்பதை யாரும் மறந்துவிட வேண்டாம்.

இவ்வளவும் மற்றவர்களுக்கு. இனி நம்மைப் பற்றி. இதை எழுதினால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை.

நம் கூட்டங்களில் விற்கிற இடுபொருள்களைப் பாருங்கள். ஒரே மாதிரி தண்ணீர்ப் பாட்டிலில் பஞ்சகவ்யா, மீன் அமிலம், பத்திலைக் கசாயம், அக்னி அஸ்திரம். பலவற்றில் ஒரு பெயர்கூட எழுதியிருக்காது. ‘இது இயற்கைதானே’ என்போம். பத்திலைக் கசாயத்தில் ஊமத்தை போடுகிறோம், எருக்கு போடுகிறோம், சிலர் அரளியும் போடுகிறார்கள். ஆடு தொடாத இலை என்று தேடித் தேடித்தானே பறிக்கிறோம்? ஆடு ஏன் தொடவில்லை என்று யோசிக்க வேண்டாமா? அக்னி அஸ்திரத்தில் புகையிலை. புகையிலையில் இருப்பது நிக்கோட்டின். நிக்கோட்டின் சல்பேட் என்ற பூச்சிக்கொல்லியை இந்த நாட்டில் பயன்படுத்தவே தடை இருக்கிறது. செடியிலிருந்து வந்தது என்பதற்காகக் குழந்தையின் வயிறு அதற்குச் சலுகை காட்டாது. கம்பெனிக்காரனிடம் கேட்கிற அடையாளத்தை நாம் நம் பாட்டிலில் ஒட்டாமல், எந்த முகத்தோடு அவனிடம் போய்க் கேட்பது? நாளைக்கு ஒரு விபத்து நடந்தால் பத்திரிகையில் வருகிற தலைப்பில் அடிபடுவது ‘இயற்கை விவசாயம்’ என்ற பெயர்தான்.

இன்னொரு சமாச்சாரமும் மலையேறுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பழனியில் இறுக்க மூடிய பாட்டில் கொடைக்கானல் வரும்போது உப்பியிருக்கும். சிப்ஸ் பாக்கெட் உப்புவது போலத்தான். ஏழாயிரம் அடி உயரத்தில் காற்றழுத்தம் அடிவாரத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பஞ்சகவ்யாவும் மீன் அமிலமும் உள்ளேயே புளித்து வாயு விடுகிறவை. இரண்டும் சேர்ந்தால் மூடி தெறிக்கும். கழுத்துவரை ஊற்றாமல் ஆறில் ஒரு பங்காவது காலி விடுங்கள். நிமிர்த்தி வையுங்கள். நாம் அனுப்புகிற அட்டைப்பெட்டியிலும் இரண்டு பக்கம் அந்த அம்புக்குறியைப் போடுங்கள். மார்க்கர் பேனாவால் போட்டாலே போதும்.

எங்கள் குழுவில் இப்போது ஒரு சீட்டு வைத்திருக்கிறோம். மேலே பெயர், அடுத்து என்னென்ன இலை, எந்தப் பொருள், ஊற வைத்த தேதி, வடித்த தேதி, எத்தனை லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு, யார் தயாரித்தது, அவர் செல் நம்பர். கடைசியில் கட்டம் கட்டி, சிவப்பில்: ‘குடிக்கக் கூடாது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைக்கவும்.’ பூச்சிவிரட்டி என்றால் மூடியிலும் ஒரு சிவப்புக் கோடு. படிக்கத் தெரியாத கூலிக்காரம்மாவுக்கு அந்தக் கோடுதான் பேச வேண்டும். சீட்டு இல்லாத பாட்டிலைக் குழுவின் மேசையில் வைக்க விடுவதில்லை. முதல் மாதம் முணுமுணுத்தார்கள். இப்போது வாங்குகிறவர்களே ‘சீட்டு எங்கே சார்?’ என்று கேட்கிறார்கள்.

வேண்டுகிறவர்கள் அதே மாதிரியை எடுத்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: பால்பாயிண்ட் பேனாவில் எழுதாதீர்கள். மேல்மலைச் சாரலில் ஒரு வாரம்கூடத் தாங்காது. அழியாத மையில் எழுதி, மேலே அகல டேப் ஒட்டிவிடுங்கள்.